அத்தியாயம் 7: பழைய ஹேண்டிகேமைச் செப்பனிடுதல்

1985இல் சோனி நிறுவனம் வெளியிட்ட சிசிடி-வி8 என்னும் கேமராவில் தொடங்கி, 790 கிராம் எடையே கொண்டதாக 1989இல் வந்து பெயர் பெற்ற சிசிடி-டிஆர்55 வழியாக, அதே ஆண்டில் அறிமுகமான ஹை8 வகையையும் தழுவிக்கொண்டு வளர்ந்த எட்டு மில்லிமீட்டர் நாடாக் கேமராக்கள், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் ஏறி நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று ஓடாமல் கிடப்பதற்கு, ஓடித் தேய்ந்ததைவிட, ஆண்டுக்கணக்கில் ஓட்டப்படாமலே கிடந்ததுதான் பிரதான காரணம். கிரீஸ் உறைகிறது; ரப்பர் வழுவழுப்பாகிறது; கெப்பாசிட்டர் கசிகிறது; ஹெட்டில் பூஞ்சை படிகிறது. இந்த நான்கு வியாதிகளுக்கும் சிகிச்சை உண்டு. நிதானமும் நடுங்காத விரல்களும் உள்ளவர் எவரும் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு நியதியை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கேமரா கெட்டுவிட்டால் அதே மாடலில் இன்னொன்றைத் தேடி விலைக்கு வாங்கலாம். பாட்டியின் குரல் பதிந்த கேசட் கெட்டுவிட்டால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆதலால், மீளப் பெற முடியாத பொருளைக் கடைசியாகவே தொடுவது என்னும் அந்த நியதியை ஒட்டியே இவ்வத்தியாயத்தின் படிகள் யாவும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வரிசையை மாற்ற வேண்டாம்.

யந்திரம் ஓடும் விதம்: தேவையான அளவு மட்டும்

இந்தக் கேமராவுக்குள் இரண்டு யந்திரங்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். லென்ஸ், அதன் பின்னே அமைந்த சிசிடி என்னும் படவுணரி, அதைச் சார்ந்த சர்க்யூட் ஆகியவை சேர்ந்த படப்பிடிப்புப் பகுதி ஒன்று. நாடாவை இழுத்துச் சென்று பதியவும் படிக்கவும் செய்யும் பகுதி மற்றொன்று. பின்னதில், 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்று, நம் நாட்டுக்குரிய பி.ஏ.எல். முறையில் நிமிஷத்துக்கு 1500 சுற்று வேகத்தில் சுழல, அதன் விளிம்பில் பதித்த நுண்ணிய ஹெட்டுகள், நொடிக்கு 20 மில்லிமீட்டர் வீதம் நகரும் நாடாவின்மேல் சுமார் 34 மைக்ரான் அகலமே உள்ள சாய்வான தடங்களை எழுதுகின்றன. நாடாவின் தடிப்போ மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பஞ்சிழை இங்கே பெரிய தடையாவதற்கும், இவ்வேலையில் சுத்தம் ஒன்றே பாதிச் சிகிச்சையாவதற்கும் இந்த அளவுகளே காரணம்.

சேகரித்துக்கொள்ள வேண்டியவை

- சிறு நட்சத்திரத் திருப்புளிகள், கூடுமானவரை ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானிய அளவில் செய்யப்பட்டவை. வேறு அளவுத் திருப்புளி ஜப்பானிய ஸ்குரூவின் தலையை எளிதில் வழித்துவிடும்.
- 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதக் கலவையில் தண்ணீர் மிகுதியாதலால் அது உதவாது.
- ஹெட் துடைக்கும் ஷாமாய்த் தோல் குச்சி.
- மல்டிமீட்டர், உருப்பெருக்கிக் கண்ணாடி, நுனி மெல்லிய டுவீசர்.
- வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் அயர்ன், மெல்லிய ஈயக் கம்பி, ஃபிளக்ஸ்.
- பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ், சிறிதளவு.
- போனால் போகட்டும் என்று விடக்கூடிய, ஆனால் பூஞ்சை இல்லாத ஒரு பழைய கேசட்.

இவற்றில் பெரும்பாலானவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இயன்றால் அதே மாடலில் ஓடாத கேமரா ஒன்றையும் உதிரி பாகங்களுக்காக வாங்கி வைத்துக்கொள்வது நன்று. உடைந்த ஒரு சிறு பற்சக்கரத்துக்காக மாதக்கணக்கில் அலையும் பிரயாசை அதனால் மிச்சமாகும்.

அபாயங்கள்: படிக்காமல் தாண்ட வேண்டாம்

1. அடாப்டரைத் திறக்காதீர்கள். வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் அதனுள்ளே சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சற்று நேரம் அது கெப்பாசிட்டரில் இருக்கும். பழுதான அடாப்டரை மாற்றுவதே அறிவுடைமை.
2. பழைய மாடல்களின் வியூஃபைண்டருக்குள் சிறு பிக்சர் டியூப் இருக்கிறது. அதற்குச் செல்லும் தடித்த ஒயரில் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்சாரம் இருக்கும்போது அந்தப் பகுதியை விரலாலோ கருவியாலோ தொடக்கூடாது.
3. உப்பிய பேட்டரியை அழுத்தவோ, துளைக்கவோ, சார்ஜ் செய்யவோ கூடாது. ஒழுகிய பேட்டரியைக் கையுறையுடன் எடுத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.
4. ஆல்கஹால் விரைவில் தீப்பற்றும். அது ஈரமாக இருக்கும்போது சால்டரிங் அயர்ன் மேஜைமேல் சூடாக இருக்கலாகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.
5. ஈயத்தைத் தொட்ட கையுடன் உண்ண வேண்டாம். குழந்தைகளை மேஜைக்கு அருகே விடாதீர்கள்.
6. லென்ஸையும் வியூஃபைண்டர் கண்ணாடியையும் சூரியனை நோக்கி வைக்காதீர்கள். அவை ஒளியைக் குவித்து உட்பகுதியைப் பொசுக்கிவிடும்.

முதற் கட்டம்: திறக்காமலே செய்யும் பரீட்சை

கைக்குக் கிடைத்தவுடன் ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பிப்பது புதிதாக வருவோரின் பொதுவான பிழை. வெளியிலிருந்தே கண்டறியக்கூடிய விஷயங்கள் அநேகம்; அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும்.

1. பேட்டரி பொருந்தும் இடத்தைப் பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருந்தால், ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து உலர விடுங்கள். தேதி காட்டும் சிறு பட்டன் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.
2. பழைய பேட்டரியை நம்பாமல் அடாப்டரைக் கொண்டு பரீட்சியுங்கள். கேமராவின் உடலில் பொறித்துள்ள வோல்ட் எண்ணும் அடாப்டரின் வெளியீடும் பொருந்துகின்றனவா, துருவங்கள் சரியா என்று மல்டிமீட்டரால் அளந்த பின்னரே இணைக்க வேண்டும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குரிய அடாப்டரில் உள்ளீடு 100 வோல்ட் மட்டும் என்றிருந்தால் அதை நம் சுவரில் செருகவே கூடாது.
3. கேசட் இல்லாமல் கேமரா நிலையில் சுவிட்சைப் போடுங்கள். வியூஃபைண்டரில் படம் தெரிகிறதா, ஜூம் அசைகிறதா, ஃபோகஸ் பிடிக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள்.
4. வீடியோ வெளியீட்டை டி.வி.யின் மஞ்சள் துளையில் இணைத்து அங்கும் பாருங்கள். டி.வி.யில் படம் நன்றாக இருந்து வியூஃபைண்டரில் மட்டும் மங்கினால், பழுது வியூஃபைண்டரோடு நின்றுவிட்டது.
5. கேசட் அறையைத் திறந்து மூடிப் பாருங்கள். முனகலோ, பல் நழுவும் ஓசையோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
6. இதுவரை எல்லாம் சரியாக இருந்தால், போனால் போகட்டும் என்று ஒதுக்கி வைத்த கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வீட்டுக் கேசட்டை அல்ல.

முடிவை இவ்வாறு பகுத்தறியலாம். கேசட் நன்றாக ஓடிப் படமும் வந்து, கேமரா நிலையில் மட்டும் திரை கறுத்தோ நிறம் பிறழ்ந்தோ இருந்தால், பழுது படப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது. கேமராப் படம் தெளிவாக இருந்து, கேசட் படம் மட்டும் பனி கொட்டுவதுபோல் தெரிந்தால், ஹெட்டில் அழுக்கு என்று முதலில் கருதுங்கள். கேசட்டை உள்ளிழுத்துச் சில நொடிகளில் தானே அணைந்துவிட்டால், ரப்பரோ, உறைந்த கிரீஸோ, நிலையறியும் சுவிட்சோ காரணமாகலாம்.

குறிப்பு: 1990களின் பிற்பகுதி ஹேண்டிகேம்கள் திரையில் குறியெண் காட்டும். சி:21 என்றால் உள்ளே ஈரம்; சி:22 என்றால் ஹெட் அழுக்கு; சி:31, சி:32 என்றால் நாடா இழுக்கும் பகுதியில் கோளாறு. ஈரம் என்று காட்டினால், கேசட் அறையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரைக் காற்றுக்குக் கொண்டுவந்த கேமராவில் இது சகஜம்.

உள்ளே சிக்கிய கேசட்டை மீட்டல்

நாடா டிரம்மைச் சுற்றிய நிலையில் மின்சாரம் நின்றுவிட்ட கேமராக்களைச் சந்தையில் அடிக்கடி காணலாம். உள்ளே இருப்பது யாரோ ஒருவரின் நினைவுப் பொக்கிஷமாக இருக்கக்கூடும். ஆகவே இழுக்காதீர்கள், நெம்பாதீர்கள்.

1. அடாப்டரையும் பேட்டரியையும் அகற்றிவிட்டு, கேசட் அறையின் வெளி மூடியைக் கழற்றுங்கள்.
2. நாடாவை உள்ளிழுக்கும் சிறு மோட்டாரையும் அதன் திருகுப் பல்லையும் கண்டுபிடியுங்கள். அந்தத் திருகுப் பல்லை விரல் நுனியாலோ டுவீசராலோ மெதுவாகத் திருப்பினால், நாடாவைப் பிடித்திருக்கும் கம்பங்கள் ஒரு திசையில் டிரம்மை நெருங்குவதையும், மறு திசையில் விலகுவதையும் காணலாம். விலகும் திசையில் சுற்றுங்கள்.
3. கைக்கு எட்டாவிட்டால், மோட்டாருக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பென்சில் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 3 வோல்ட்டை மோட்டாரின் முனைகளில் க்ஷண நேரம் தொட்டுத் தொட்டு எடுங்கள். எதிர்த் திசையில் போனால் ஒயர்களை மாற்றிப் பிடியுங்கள்.
4. கம்பங்கள் பின்வாங்கும்போது நாடா தொய்யும். ஒவ்வோர் அசைவுக்கும் பிறகு நின்று, கேசட்டின் சுருளை நாடா இறுகும் திசையில் சுற்றித் தொய்வை உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்தில் அவசரப்பட்டவர்களின் நாடாதான் மூடியில் மாட்டிக் கசங்குகிறது.
5. தொய்வு முற்றும் நீங்கிய பின்னரே கேசட்டைத் தாங்கும் சட்டம் மேலெழ விடுங்கள்.

ஹெட்டையும் நாடா வழியையும் துடைத்தல்

1. மின்சாரத்தை முற்றிலும் அகற்றுங்கள்.
2. ஷாமாய்த் தோல் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, டிரம்மின் பக்கவாட்டில் தட்டையாக, மிக இலேசாக அழுத்தி, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.
3. மற்றொரு கையால் டிரம்மின் மேல் விளிம்பைத் தொட்டு, நிதானமாக முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். குச்சி நிற்க, டிரம் சுழல வேண்டும்.
4. தோலில் பழுப்புக் கோடு தெரிந்தால் தோலின் புது இடத்தைத் திருப்பி, கோடு மறையும்வரை செய்யுங்கள்.
5. நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டையும் வழிகாட்டிக் கம்பங்களையும் பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம்.
6. பிஞ்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளையைச் சற்றே ஈரமான துணியால் துடையுங்கள். கண்ணாடிபோல் பளபளத்தாலோ, வெடித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.
7. கால் மணி நேரம் உலர விட்ட பின்னரே கேசட்டைப் போடுங்கள். ஈரமான டிரம்மில் நாடா ஒட்டிக்கொள்ளும்.

எச்சரிக்கை: குச்சியை ஒருபோதும் மேலும் கீழுமாக அசைக்காதீர்கள். ஹெட்டின் நுனி டிரம்மின் பரப்பிலிருந்து இம்மியளவே நீட்டிக்கொண்டிருக்கும் நொறுங்கும் பொருளாதலால், குறுக்கே இழுத்தால் உடைந்துவிடும். டிரம்மின் மேல் பஞ்சுக் குச்சியும் ஆகாது; அதன் இழை ஹெட்டில் சிக்கும்.

உடலைத் திறக்கும் முறை

மேற்கண்ட சிகிச்சையால் குணமாகாத பழுது இருந்தால் மட்டுமே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால், கழற்றும் வரிசை அதில் படத்துடன் இருக்கும்.

1. ஒரு தாளில் கேமராவின் ஒவ்வொரு பக்கத்தையும் கோட்டுருவமாக வரைந்து, கழற்றிய ஸ்குரூவை அதற்குரிய இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்குரூ குட்டையான துளைக்குள் போனால் அடியிலுள்ள போர்டைத் துளைத்துவிடும்.
2. ஒவ்வொரு படியிலும் செல்போனால் படம் எடுங்கள்.
3. உடலின் பாதிகள் பிரிய மறுத்தால் ஸ்குரூ ஒன்று மறைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். ரப்பர் மூடி, லேபிள் ஆகியவற்றின் அடியில் தேடுங்கள். முப்பது ஆண்டு பழகிய பிளாஸ்டிக் நெம்பினால் தாங்காது.
4. பிரிந்தவுடன் விலக்கி இழுக்காதீர்கள். இரு பாதிகளையும் ரிப்பன் கேபிள்கள் இணைத்திருக்கும். முதலில் சாக்கெட்டின் பூட்டைத் திறந்து, பிறகு கேபிளை நேராக உருவுங்கள். சில பூட்டுகள் மேலே நிமிரும். சில பக்கவாட்டில் நகரும். எவ்வகை என்று உருப்பெருக்கியால் பார்த்த பிறகே தொடுங்கள்.
5. உறைந்த பழைய கிரீஸை ஆல்கஹால் தோய்த்த குச்சியால் வழித்தெடுத்து, பற்களில் புதிய கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். மிகுந்தால் அது நாடாவை அடையும்.

குறிப்பு: மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கும்போது நாடாவின் முடிவை அறியும் ஒளியுணரிமேல் மேஜை விளக்கின் வெளிச்சம் பட்டால், யந்திரம் நாடா தீர்ந்ததென்று எண்ணி நின்றுவிடும். இல்லாத பழுதைத் தேடி அலையாமல், முதலில் விளக்கைத் தள்ளி வையுங்கள்.

கசிந்த கெப்பாசிட்டர்களை மாற்றுதல்

1980களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை வந்த கேமராக்களில், போர்டின் பரப்பிலேயே பற்றவைத்த சிறு அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கசிந்து, தம்மைச் சுற்றியுள்ள செம்புத் தடங்களை அரிக்கின்றன. அடையாளங்கள் தெளிவானவை: கால்களின் ஈயம் பளபளப்பிழந்து சாம்பல் நிறமாகியிருக்கும், அருகே பசபசப்பு தெரியும், அயர்ன் பட்டவுடன் மீன் வாடை எழும். புதிதாகப் பழகுவோர் முதலில் பயனற்ற போர்டு ஒன்றில் கை பழகிக்கொள்ள வேண்டும்.

1. ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மதிப்பையும், வோல்ட்டையும், துருவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.
2. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஒன்றை மாற்றி முடித்த பின் அடுத்ததைத் தொடுங்கள்.
3. இரு கால்களிலும் ஃபிளக்ஸும் புதிய ஈயமும் சிறிது சேர்த்து, 350 டிகிரியை மீறாத உஷ்ணத்தில் மாறி மாறிச் சூடாக்கி, தானாக விடுபடும்போது தூக்குங்கள். முறுக்கிப் பிடுங்கினால் செம்புத் தடமும் கூடவே வரும்.
4. கசிவை ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கசிவு எஞ்சினால் அரிப்பும் தொடரும்.
5. தடம் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். அறுந்திருந்தால், எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியால் இணைப்புக் கொடுங்கள்.
6. புதியதன் மைக்ரோஃபாரட் மதிப்பு பழையதற்குச் சமமாகவும், வோல்ட் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். டான்டலம் வகையைப் பொருத்தினால், அந்த இடத்து வோல்ட்டைப்போல் இரு மடங்கு தாங்கக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.
7. சுவிட்சைப் போடுமுன், மின்சாரம் வரும் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று அளந்து உறுதி செய்யுங்கள்.

எச்சரிக்கை: அலுமினியக் கெப்பாசிட்டரின் தலையிலுள்ள கறுப்புக் குறி எதிர்முனையைக் காட்டும், டான்டலத்தின் கோடோ நேர்முனையைக் காட்டும். இந்த முரணை மறந்து மாற்றிப் பொருத்திய டான்டலம் தீப்பிடித்து எரியும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- வழிகாட்டிக் கம்பங்களின் ஸ்குரூவைத் திருப்பிப் பார்ப்பது. அவை ஆலையில் அளவு நாடாவும் ஆசிலாஸ்கோப்பும் கொண்டு நிறுத்தப்பட்டவை. தாமே பதிந்த கேசட் நன்றாகத் தெரிந்து, மற்றக் கேமராவில் பதிந்தவை மட்டும் குறுக்குப் பட்டையோடு தெரிந்தால், அந்தக் கம்பங்கள் நகர்ந்திருக்கின்றன. அதை அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் விடுங்கள்.
- பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டுவது. கேசட்டின் ஜன்னல் வழியே சுருளின்மேல் வெண்பொடியோ வெள்ளை இழையோ தெரிந்தால் போடாதீர்கள். ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் கேசட்டுகளுக்கெல்லாம் பரவும்.
- துருவை எடுக்கும் எண்ணெயை நாடா ஓடும் பகுதியில் தெளிப்பது. அது ரப்பரையும் நாடாவையும் ஒருங்கே கெடுக்கும்.
- லென்ஸின் உட்கண்ணாடிகளைப் பிரிப்பது. முன் கண்ணாடியை முதலில் ஊதி, பிறகு லென்ஸ் தாளால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

கடைசிக் கட்டம்: வீட்டுக் கேசட்டை ஓட்டுதல்

1. பரீட்சைக் கேசட்டை முழு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து, நாடாவின் விளிம்பில் சுருக்கமோ கீறலோ இல்லை என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.
2. வீட்டுக் கேசட்டின் பதிவுத் தடுப்பு விசையை, சிவப்புக் குறி தெரியும்படி நகர்த்துங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டன் அமுங்கினாலும் அழியாது.
3. கேமராவின் வெளியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கருவியோடு முன்னதாகவே இணைத்து, முதன்முறை ஓட்டும்போதே படி எடுங்கள். ஹை8 கேமராவானால் எஸ்-வீடியோ இணைப்பைப் பயன்படுத்துங்கள். நிறமும் கூர்மையும் மேம்படும்.
4. ஓடும்போது அருகிலேயே இருங்கள். ஓசை மாறினால் உடனே நிறுத்துங்கள்.
5. படியை வெவ்வேறு இடங்களில் இரண்டு டிஸ்க்குகளில் வைத்திருங்கள். கேசட்டை வெளியே எடுத்து, பேட்டரியையும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கேமராவை வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சிறிது நேரம் ஓட்டுங்கள்.

எட்டு மில்லிமீட்டர் நாடாவை ஓட்டும் கேமராக்கள் இன்று புதிதாகச் செய்யப்படுவதில்லை. இருப்பவையும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகையால், உங்கள் கையால் ஒரு கேமரா ஓடத் தொடங்கிவிட்டால், உங்கள் வீட்டுக் கேசட்டுகளோடு நின்றுவிடாதீர்கள். உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஓட்ட வழியின்றி உறங்கும் கேசட்டுகளைக் கேட்டு வாங்கி, அவற்றையும் படி எடுத்துக் கொடுங்கள்.